மீகாமன்

பரீட்சை முடிவு வெளியாகும் காலையில் உங்கள் வீடு எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும். பெண் கைப்பேசியும் கையுமாக நிற்பாள். அடுப்பில் பால் பொங்கி வழிந்தாலும் கவனிப்பாரில்லை! அதே நிமிஷத்தில் லட்சக்கணக்கான வீடுகளிலும் இதே கதைதான். அத்தனை பேருக்கும் ஒரே கம்ப்யூட்டர் பதில் சொல்லி மாளுமா? பலவற்றைச் சேர்த்துத்தான் வேலை வாங்க வேண்டும்.

அதற்காக, வேலை செய்யும் புரோகிராமை அதற்கு வேண்டிய தட்டுமுட்டுச் சாமான்களோடு ஒரு கட்டாகக் கட்டி விடுகிறார்கள். துறைமுகத்து இரும்புப் பெட்டியின் பெயரையே இதற்கும் வைத்துக் 'கன்டெய்னர்' என்கிறார்கள். ஒரு கம்ப்யூட்டரில் ஓடிய பெட்டியை இன்னொன்றில் இறக்கினாலும் அநேகமாக அப்படியே ஓடும்.

பெட்டிகள் நூற்றுக்கணக்கில் பெருகினால் எதை எங்கே வைப்பது? எது நின்று போயிற்று என்று யார் பார்ப்பது? இதற்காக 2014-ல் கூகிள் நிறுவனம் வெளியிட்ட ஏற்பாடுதான் குபெர்னெட்டீஸ். கிரேக்க மொழியில், கப்பலில் சுக்கான் பிடிப்பவன் என்று பொருள். தமிழில் அவனுக்கு மீகாமன் என்று அழகான பெயர் இருக்கிறது. நாம் அப்படியே அழைப்போமே!

அவன் வேலை செய்யும் விதம்தான் ரசமானது. கல்யாண வீட்டில் தலைமைப் பரிசாரகரிடம், "பந்தியில் எந்நேரமும் ஐந்து பேர் பரிமாற வேண்டும்" என்று சொல்லி விடுகிறீர்கள். யார் யார் என்பது உங்களுக்கு எதற்கு? ஒருவர் வெற்றிலை போட நழுவினால் இன்னொருவர் சாம்பார் வாளியுடன் வந்து நிற்பார். மீகாமனும் அப்படியே. "ஐந்து பெட்டி ஓட வேண்டும்" என்று எழுதிக் கொடுத்தால் போதும். ஓயாமல் எண்ணிக் கொண்டே இருப்பான். நான்காகக் குறைந்தால், இடமுள்ள கம்ப்யூட்டரில் புதிதாக ஒன்றைத் தொடங்குவான். ஒரு கம்ப்யூட்டரே படுத்து விட்டாலும், சற்று நேரத்தில் அதிலிருந்த பெட்டிகளுக்குப் பதிலாக மற்றவற்றில் புதியவை எழும்பும். கூட்டம் கூடினால் ஐந்தைப் பத்தாக்கும்படியும் சொல்லி வைக்கலாம்.

ஆனால் ஒன்று. புதுப் பெட்டி பழைய பெட்டி அல்ல. பழையதற்குள் எழுதி வைத்த கணக்கும் படமும் அதோடு போய்விடும். பரிமாறுகிறவர் மாறினால் பாதகமில்லை. மொய்ப் பணத்தை அவர் மடியில் கட்டி அனுப்பலாமா? மார்க்கு, பணக் கணக்கு போன்றவற்றைப் பெட்டிக்கு வெளியே, தனிச் சேமிப்பில்தான் வைக்க வேண்டும். புதிதாகக் கற்கிறவர்கள் சறுக்குவது இந்த இடத்தில்தான்.

உங்கள் பிள்ளையோ பெண்ணோ இந்த உத்தியோகத்தில் இருந்தால், அடுத்த முறை வீட்டுக்கு வரும்போது, "மொய்ப் பணத்தை எங்கே வைத்திருக்கிறாய்?" என்று கேட்டுப் பாருங்கள். முதலில் விழிப்பார்கள், விஷயத்தைச் சொன்னால் அம்மாவை ஒரு தினுசாகப் பார்ப்பார்கள்!