சீனாவுக்கு இங்கிலீஷ் சொல்லிக்கொடுக்கப் போறீங்களா?

வெளிநாட்டில் போய் இங்கிலீஷ் சொல்லிக்கொடுப்பது என்றதும் நம்மில் பலருக்கு மனதில் வரும் காட்சி ஒன்றுதான். ஒரு வெள்ளைக்காரர் போர்டுக்கு முன்னால் நிற்கிறார். எதிரே நாற்பது, ஐம்பது சீன மாணவர்கள். அவர் கேள்வி கேட்கிறார். ஒருத்தரும் வாயைத் திறப்பதில்லை. அப்படிப் போய்வந்த பலரும் ஊர் திரும்பியதும் ஒரே மாதிரிதான் சொல்கிறார்கள்: "சீன மாணவர்கள் மனப்பாடம் நன்றாகச் செய்வார்கள், சுயமாக யோசிக்க மாட்டார்கள்."

இதைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு எரிச்சல்தான் வருகிறது. ஏன் என்று சொல்கிறேன், பொறுமையாகப் படியுங்கள்.

முதலில் அந்த மௌனத்தை எடுத்துக்கொள்வோம். இங்கிலீஷை மூன்றாம் வகுப்பிலிருந்தே தொடங்க வேண்டும் என்று சீனக் கல்வி அமைச்சகம் 2001-ல் சொன்னது. அதற்குப் பிறகு பள்ளி முடியும்வரை ஒரு மாணவன் எதை நோக்கி ஓடுகிறான்? காவ்காவ் என்கிற கல்லூரி நுழைவுத் தேர்வை நோக்கி. 2024-ல் மட்டும் அதற்குப் பதிவு செய்தவர்கள் சுமார் 1 கோடியே 34 லட்சம் பேர். பெரும்பாலான மாகாணங்களில் மொத்த மதிப்பெண் 750, அதில் இங்கிலீஷுக்கு 150. சில இடங்களைத் தவிர, பேச்சுக்கு அந்த 150-ல் பங்கு கிடையாது. மார்க் இல்லாத ஒன்றுக்காக நாம் மட்டும் எத்தனை மணி நேரம் செலவழித்திருக்கிறோம்? நெஞ்சைத் தொட்டுச் சொல்லுங்கள் :-)

அடுத்தது முகம். சீனர்கள் 'மியன்ஸு' என்பார்கள். நாலு பேர் முன்னால் ஒருத்தருக்கு இருக்கிற மதிப்பு, மரியாதை எல்லாம் அந்த ஒரு சொல்லில் அடங்கும். தமிழனுக்கு இதை விளக்கவே வேண்டாம். "எந்த முகத்தை வெச்சுக்கிட்டு அங்க போய் நிப்பேன்" என்று நம் வீட்டிலேயே கேட்டிருப்போம். ஐம்பது பேர் முன்னால் தப்பாகப் பதில் சொன்னால் போவது தன் முகம். வாத்தியாரிடம் "நீங்கள் சொன்னது புரியவில்லை" என்றால் அவர் முகமும் சேர்ந்து போகுமோ என்ற தயக்கம். அப்படி உட்கார்ந்திருப்பவனைப் பார்த்து "யோசிக்கத் தெரியாதவன்" என்று எழுதினால், யோசிக்காதது யார்?

இப்போது தவறுகளுக்கு வருவோம். நன்றாக இங்கிலீஷ் பேசும் சீன மாணவர்கூட 'ஹி', 'ஷி' இரண்டையும் மாற்றிச் சொல்லிவிடுவார். காரணம் எளிது. பேச்சுச் சீனத்தில் அவன், அவள் இரண்டுக்குமே 'தா' என்ற ஒரே ஒலிதான். எழுதும்போதுதான் வேறு வேறு எழுத்து. நாமும் "அவர் வந்தார்" என்கிறோமே, அதில் அவர் ஆணா பெண்ணா?

வகுப்பில் "டீச்சர்!" என்று கூப்பிட்டால் அமெரிக்க வாத்தியார் முகம் சுளிப்பார், பெயர் சொல்லிக் கூப்பிடு என்பார். சீனத்தில் 'லாவ்ஷி' என்பது மரியாதை, குடும்பப் பெயரோடு சேர்த்தும் சொல்வார்கள். "ஐ ஹேவ் எ பிரதர்" என்று பாடப்புத்தகத்தில் வந்தால் சீனப் பிள்ளைக்குத் தோன்றும் முதல் கேள்வி: அண்ணனா, தம்பியா? அவர்கள் மொழியில் அண்ணன் 'கெகெ', தம்பி 'தீதி'. இரண்டுக்கும் பொதுவாக ஒரு சொல்லை வைத்துக்கொண்டு இங்கிலீஷ்காரர்கள் எப்படிக் குடும்பம் நடத்துகிறார்கள் என்பது நியாயமான சந்தேகம்தானே? பெரியவர்கள் பார்த்ததும் "சாப்பிட்டாச்சா?" என்று விசாரிக்கும் பழக்கமும் அங்கே உண்டு. அதைச் சாப்பாட்டுக்கு அழைப்பு என்று நினைத்துக்கொண்டால் சிக்கல்.

நான் சொல்ல வருவது இதுதான். மாணவன் செய்யும் தப்பு ஒவ்வொன்றும் அவன் மொழிக்குள் போக ஒரு வாசல். சிவப்பு மையால் அடித்துவிட்டுப் போகிற வாத்தியார் அந்த வாசலைச் சாத்திவிட்டுப் போகிறார்.

வாசலுக்குள் போனவர்களும் இருக்கிறார்கள். பீட்டர் ஹெஸ்லர் என்ற அமெரிக்க எழுத்தாளர் 1996 முதல் 1998 வரை பீஸ் கோர் தொண்டராக, யாங்சி ஆற்றங்கரையில் ஃபூலிங் என்ற ஊரின் ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியில் இலக்கியம் நடத்தினார். மாணவர்களில் நிறையப் பேர் விவசாயக் குடும்பத்துப் பிள்ளைகள். அவர் அங்கேயே சீனம் கற்றுக்கொண்டார். காலையில் வாத்தியார், சாயங்காலம் மாணவன். 2001-ல் வந்த அவருடைய 'ரிவர் டவுன்' இன்றும் படிக்கப்படுவதற்கு, அவர் அந்த ஊரில் தானும் தடுமாறிக் கற்றுக்கொண்டவர் என்பது ஒரு முக்கியக் காரணம் என்று நினைக்கிறேன். தான் ஒரு மொழியில் திக்கித் திணறிய பிறகு, திக்குகிறவனைப் பார்த்து யாருக்கும் சிரிப்பு வராது.

"மாணவன் காசு கொடுப்பது இங்கிலீஷுக்கு, வாத்தியாருக்குச் சீனம் எதற்கு?" என்று சிலர் கேட்பார்கள். பாடம் நடக்க வேண்டுமே, அதற்குத்தான். முகம் பற்றித் தெரிந்த வாத்தியார் ஒருத்தனை எழுப்பி நிற்கவைத்துக் கேட்க மாட்டார். இரண்டிரண்டு பேராகப் பேசிக்கொள்ள மூன்று நிமிடம் கொடுத்துவிட்டு, "நீங்கள் இரண்டு பேரும் என்ன முடிவுக்கு வந்தீர்கள்?" என்பார். தப்பானாலும் அது ஒருத்தன் தலையில் விழாது. ஊமை வகுப்பு என்று பெயர் வாங்கிய வகுப்பு பேசத் தொடங்கும்.

ஆனால் ஆள் எடுக்கும்போது இதையெல்லாம் யார் பார்க்கிறார்கள்? இங்கிலீஷைத் தாய்மொழியாகக் கொண்ட சில நாடுகளின் பாஸ்போர்ட், ஒரு டிகிரி, கொஞ்சம் அனுபவம். சீனாவில் வேலை விசாவுக்குப் பொதுவாக இதுதான் கணக்கு. நம் ஊரில் இருபது வருஷம் இங்கிலீஷ் நடத்திய டீச்சருக்கு அந்தக் கதவு லேசில் திறக்காது. இங்கிலீஷை இன்னொரு மொழியின் மேல் நின்று கற்றவர்களுக்குத்தான் அது எங்கே வழுக்கும் என்று தெரியும். அந்த அறிவுக்கு அங்கே மதிப்பு இல்லை என்பது எனக்குப் பெரிய முரணாகப் படுகிறது.

இதை இப்போது பேசுவதற்குக் காரணம் இருக்கிறது. 1993-ல் தொடங்கிய பீஸ் கோர் சீனத் திட்டம் 2020-ல் முடிந்துபோனது. 2021 ஜூலையில் சீன அரசு டியூஷன் தொழிலுக்குக் கடிவாளம் போட்டது. வெளிநாட்டில் உட்கார்ந்தபடி இணையம் வழியாகச் சீனப் பிள்ளைகளுக்குப் பாடம் எடுக்க ஆள் வைப்பதற்கும் தடை வந்தது. டியூஷன் செலவில் நொந்துபோன பெற்றோரை நினைத்தால் அரசின் வாதத்திலும் நியாயம் உண்டு. ஆனாலும் இரண்டு பக்கத்து ஆட்கள் வாரம் இரண்டு முறை முகம் பார்த்துப் பேசிக்கொள்ளும் வாய்ப்பு குறைந்துவிட்டது.

உச்சரிப்பையும் இலக்கணத்தையும் சொல்லித்தர இன்று கைபேசியே போதும். அப்படியென்றால் கடல் தாண்டிப் போகும் வாத்தியாருக்கு மிச்சம் இருக்கிற வேலை என்ன? எதிரில் இருப்பவனைத் தெரிந்துகொள்வதும், தன்னைத் தெரியப்படுத்துவதும்தான். அதற்காக "சீனர்கள் எல்லாம் இப்படித்தான்" என்று ஒரு புது முத்திரையும் குத்த வேண்டாம். 1 கோடியே 34 லட்சம் பேரும் ஒரே அச்சில் வார்த்தவர்கள் கிடையாது. கலாச்சாரம் தெரிந்துகொள்வது கேள்வி கேட்கத் தொடங்குவதற்கு. பதிலை அந்தந்தப் பையனும் பெண்ணும்தான் சொல்ல வேண்டும்.

ஆகவே போகிறவர்களுக்கு என் யோசனை ஒன்றே ஒன்று. முதல் வாரம் மாணவர்களிடம் இங்கிலீஷ் பேசச் சொல்லும் முன், அவர்களிடம் பத்துச் சீனச் சொற்கள் கேட்டுக் கற்றுக்கொள்ளுங்கள். வகுப்பிலேயே, எல்லோர் முன்னாலும், தப்புத் தப்பாகச் சொல்லிப் பாருங்கள். அவர்கள் திருத்தட்டும், சிரிக்கட்டும். அதற்குப் பிறகு நீங்கள் கேட்கும் கேள்விக்குக் கை உயராமல் போனால் என்னை வந்து கேளுங்கள்.