சாக்ஸபோனுக்குள் ஒரு நாயனம்

யாங்கூனின் லைங் தாயாவில் சென்ற மாதம் ஒரு தமிழ்க் கல்யாணம். பெண் ஆடைத் தொழிற்சாலையில் தைக்கிறவள். லீவு கிடைக்கிற ஞாயிற்றுக்கிழமையில்தான் முகூர்த்தம். மேளக்காரர் அமையவில்லை. மாப்பிள்ளையின் சித்தப்பா தன் போனை ஒலிபெருக்கியில் மாட்டிவிட்டார். தாலி ஏறும்போது முழங்கியது கத்ரி கோபால்நாத்தின் சாக்ஸபோன். பக்கத்திலிருந்த பெரியவர், "நாயனம் யாருப்பா, என்னமா வாசிக்கிறாரு!" என்றார். நான் திருத்தவில்லை. அவர் சொன்னதில் பாதிக்கு மேல் உண்மை.

கோபால்நாத் 1949இல் தென் கன்னடத்தில், நாகஸ்வரக் குடும்பத்தில் பிறந்தவர். அப்பா தணியப்பாவிடம் முதலில் கற்றதும் நாகஸ்வரம்தான். மைசூர் அரண்மனை பேண்டில் சாக்ஸபோனைக் கேட்ட பிறகு மனசு அதன் மேல் போய்விட்டது. மங்களூரில் கோபாலகிருஷ்ண ஐயரிடமும், சென்னையில் டி.வி. கோபாலகிருஷ்ணனிடமும் பாடம்.

ஆசைப்பட்டது சரி, வாத்தியம் ஒத்துழைக்க வேண்டுமே. நாகஸ்வரத்தில் விரல் நேராகத் துளையின் மேல் உட்காருகிறது. துளையைப் பாதி மூடலாம், மெல்லத் திறக்கலாம். மூச்சின் அழுத்தமும் அதோடு சேரும்போது கமகம் பிறக்கிறது. சாக்ஸபோனில் விரலுக்கும் துளைக்கும் நடுவே விசையும் மூடியும் நிற்கின்றன. வழுக்கிப் போக வேண்டிய ஸ்வரம் படிக்கட்டில் இறங்குகிற மாதிரி தடதடவென்று வரும். அதை உதட்டாலும் மூச்சாலும் வளைத்து, தோடியையும் பைரவியையும் அதற்குள் கொண்டுவர அவருக்கு வருடக்கணக்கில் சாதகம் தேவைப்பட்டது.

அமெரிக்காவில் அதே வாத்தியத்துக்கு வேறு வேலை. ரிதம் அண்ட் புளூஸ் பாட்டில் பாடகர் மூச்சு வாங்குகிற இடைவெளியில் சாக்ஸபோன் புகுந்து, கத்திக் கலகலத்துவிட்டு விலக வேண்டும். அதில் ராஜா, டெக்சாஸ்காரரான கிங் கர்ட்டிஸ். கோஸ்டர்ஸ் குழுவின் 'யாக்கெட்டி யாக்' (1958), அரீதா ஃபிராங்க்ளினின் 'ரெஸ்பெக்ட்' (1967) இரண்டிலும் அவர் ஊதியிருக்கிறார். 1971 ஆகஸ்டில், நியூயார்க்கில் தன் வீட்டு வாசலில் நடந்த தகராறில் கத்திக்குத்துப்பட்டு இறந்தார். வயது 37. கர்ட்டிஸ் சில விநாடிகளில் சொல்லி முடிப்பதைக் கோபால்நாத் அரை மணி நேர ஆலாபனையாக விரிப்பார். எனக்கு இரண்டும் வேண்டும்.

இந்த இரு உலகங்களையும் தொட்டவர் ஒருவர் உண்டு: ஜான் ஹேண்டி. அவரும் டெக்சாஸ்தான். ஜாஸ் கலைஞர் என்றாலும் 1976இல் அவருடைய 'ஹார்ட் வொர்க்' ரிதம் அண்ட் புளூஸ் பட்டியலில் ஏறியது. 1980இல் பம்பாய் ஜாஸ் விழாவில் கோபால்நாத்தைக் கேட்டு அசந்துபோய், மேடையில் அவரோடு சேர்ந்து வாசிக்கலாமா என்று கேட்டார்.

1994இல் கோபால்நாத்துக்கு லண்டன் பிபிசி ப்ராம்ஸ் மேடை. அதே ஆண்டு பாலசந்தரின் 'டூயட்'. படத்தில் பிரபு ஊத, பின்னால் ஊதியவர் இவர். ராகம் ராகமாக வாசித்துக்கொண்டே போனதாகவும், கல்யாண வசந்தம் வந்ததும்தான் இசையமைப்பாளர் ரஹ்மான் தலையாட்டியதாகவும் அவரே சொல்லியிருக்கிறார். நம்மில் பலருக்கு அந்தப் படத்தோடு கோபால்நாத் முடிந்துவிடுகிறார். வயலின் கலைஞர் கன்னியாகுமரி உடன்வர, அவர் மணிக்கணக்கில் வாசித்த கச்சேரிகள் அதைவிடப் பெரியவை. 2004இல் பத்மஸ்ரீ வந்தது. 2019 அக்டோபரில் மங்களூரில் காலமானார்.

எனக்கு ஒரு மனக்குறை. சாக்ஸபோனுக்கு சபாக்காரர்கள் மாலை நேரத்தையும் நிறைந்த அரங்கையும் கொடுத்தார்கள். அந்த வாசிப்பின் தாயான நாகஸ்வரத்துக்கோ பல இடங்களில் தொடக்க நாள் மங்கள இசையோடு சரி. அப்போது பாதி நாற்காலிகள் காலி. கோபால்நாத் மேல் இதில் குற்றமில்லை, கேட்கிற நம் மேல்தான். அடுத்த முறை அவருடைய பதிவைத் தேடும்போது, அதே கையோடு திருவாவடுதுறை ராஜரத்தினம் பிள்ளை நாகஸ்வரத்தில் வாசித்த தோடியையும் தேடிப் பிடித்துக் கேளுங்கள்.