எண்ணமும் உண்மையும்

விக்ரோலியில் வாழும் நம் இளைஞர் சிலர், பகலெல்லாம் வேலைக்கும் படிப்புக்குமாக மின்சார ரயிலில் அலைந்து திரும்பி, இரவில் உறக்கமின்றி எண்ணிக்கொண்டே கிடக்கின்றனர். ஒரு நேர்முகத் தேர்வில் தவறினால், 'இனி எனக்கு வாழ்வே இல்லை' என்று மனம் தீர்ப்பெழுதி விடுகிறது. ஊரைவிட்டு வந்து பாடுபடும் பெற்றோரிடம் அதைச் சொல்லவும் நா எழுவதில்லை.

அமெரிக்க மனநல மருத்துவர் ஆரன் பெக் 1960-களில் ஓர் உண்மையை எடுத்துக் காட்டினார். சோர்வுற்ற மனத்தில் இத்தகைய எண்ணங்கள் தாமாகவே எழுகின்றன. நாமோ ஆராயாமலே அவற்றை மெய்யென நம்பிவிடுகிறோம். ஆகவே, தோன்றும் எண்ணத்தைத் தாளில் எழுதுக; அதற்குச் சான்று எது, எதிர்ச்சான்று எது என்று வினவுக. தவறியது ஒரு தேர்வே, வாழ்வன்று என்பது விளங்கும்.

சோர்வு இரண்டு வாரத்துக்கு மேல் நீடித்தால் மருத்துவரை நாடுக. உயிரை வெறுக்கும் எண்ணம் தோன்றினாலோ ஒரு நாளும் தாழ்த்தலாகாது. இந்திய அரசு 2022-இல் தொடங்கிய 'டெலி மானஸ்' சேவையை 14416 என்னும் எண்ணில் இரவும் பகலும் கட்டணமின்றி அழைக்கலாம், தமிழிலும் பேசலாம்.

பெற்றோர்களே, 'உனக்கென்ன குறை?' என்று கேளாதீர்கள். 'என்ன எண்ணுகிறாய்?' என்று கேட்டு, பிள்ளை சொல்லி முடிக்கும்வரை செவிகொடுங்கள்.