பேத்திக்கு வாங்கிய லொறி

சென்ற நோன்புப் பெருநாளுக்கு முன்தினம் பேத்தியை அழைத்துக்கொண்டு கல்முனைக் கடைத்தெருவுக்குச் சென்றிருந்தேன். "பொம்புளப் புள்ளைக்கா சேர்? அப்ப இந்தப் பக்கம் வாங்க" என்று கடைக்காரத் தம்பி எங்களைப் பொம்மைகளும் பிளாஸ்டிக் அடுப்புகளும் நிறைந்த தட்டுக்கு அழைத்துச் சென்றார். திருகாணி கொண்டு பொருத்தும் லொறிகள் எதிர்த்தட்டில் இருந்தன. பேத்தியின் கண்ணும் அங்கேதான் இருந்தது. அந்தத் தம்பியைக் குறைகூற எனக்கு அருகதையில்லை. முப்பது வருடங்களுக்கு முன்னர் வீட்டு வானொலியைக் கழற்றிப் பரப்பி வைத்திருந்த என் மகளை, "பொம்புளப் புள்ளைக்கு என்ன வேலை இது" என்று அதட்டியவன் நான். அதே குற்றத்தைச் செய்த அவளது காக்காவைப் பார்த்துச் சிரித்தவனும் நானே.

இந்தப் பாகுபாடு நமது ஊருக்கு மட்டும் உரியதன்று. இங்கிலாந்தின் லிவர்பூலைச் சேர்ந்த பிராங்க் ஹோர்ன்பி 1901இல் காப்புரிமை பெற்ற இரும்புப் பட்டிகளே பின்னர் 'மெக்கானோ' ஆயின. அவை நெடுங்காலம் பையன்களுக்கான பொறியியல் என்றே விளம்பரம் செய்யப்பட்டன. அமெரிக்கப் பொறியியல் பட்டதாரியான டெபி ஸ்டெர்லிங், இதை மாற்றும் நோக்குடன் 2012இல் 'கோல்டிபுளொக்ஸ்' என்ற விளையாட்டுத் தொகுதியைக் கொண்டு வந்தார். ஒரு சிறுமியின் கதையை வாசித்தபடியே, சக்கரங்களை நாடாவால் இணைத்துச் சுழலவிட வேண்டும். பெண்பிள்ளைக்கென்று தனி நிறம் பூச வேண்டுமா என்பதில் எனக்கு உடன்பாடில்லை. ஆனால் அந்த நாடாவும் சக்கரமும் என்னை மருதமுனைக்கு அழைத்துச் சென்றன.

அங்கே தறி வீடுகளில் பெண்கள் ராட்டை சுற்றுவதைச் சிறுவயது முதல் பார்த்திருக்கிறேன். பெரிய சக்கரம் ஒருமுறை சுழல, கயிற்றால் இணைந்த சிறிய கதிர் பலமுறை சுழன்று நூலைச் சுற்றிக்கொள்ளும். கயிறு தளர்ந்தால் இறுக்குவதும், சிக்கினால் காரணம் கண்டு சரிசெய்வதும் அவர்களே. அமெரிக்கப் பெட்டிக்குள் இருக்கும் அதே தத்துவந்தான். நாம் அதைக் கைவேலை என்றோம். பொறியியல் என்று ஒருநாளும் சொன்னதில்லை.

இந்நாட்டின் முதல் பெண் பொறியியலாளராகக் கருதப்படுபவர் பிரேமளா சிவசேகரம் என்ற தமிழ்ப் பெண்மணி. 1995இல் பல்கலைக்கழகக் கல்லூரியாகத் தொடங்கிய நமது தென்கிழக்குப் பல்கலைக்கழகத்தில் இன்று பொறியியல் பீடமும் உண்டு. ஒலுவில் அதிக தூரமில்லை. ஆயினும் கணிதத்தில் கெட்டிக்காரியான மகளுக்கும் உயர்தரத்தில் உயிரியலையே நாம் தெரிவு செய்து கொடுக்கிறோம். வைத்தியராகாவிட்டால் ஆசிரியை என்பது நமது கணக்கு. என் மகளும் ஆசிரியைதான். நல்ல ஆசிரியை; அதில் குறையொன்றுமில்லை. வேறு வழியும் அவளுக்கு இருந்ததா என்று நான் கேட்கவில்லை என்பதே என் குறை.

விலையுயர்ந்த பெட்டிதான் வேண்டுமென்பதில்லை. பால்மாப் பேணியும் தேய்ந்த செருப்பில் வெட்டிய சக்கரமும் போதும். ஓடாத மணிக்கூடு இன்னும் நல்லது. கழற்றக்கூடியதாக இருக்க வேண்டும். கழற்றினால் ஏச்சு விழக்கூடாது.

லொறியைத்தான் வாங்கினோம். பெருநாள் தொழுகை முடிந்து நான் வீடு திரும்புவதற்குள் அது பாயில் பாகம் பாகமாகக் கிடந்தது. "மூத்தாப்பா, இதுக்குள்ள மோட்டர் இல்லையே, பின்ன எப்படி ஓடுது?" என்றாள். பதில் சொல்ல நான் தடுமாறியபோது, அடுப்படியிலிருந்து வந்த என் மகள் திருப்புளியைக் கையில் எடுத்துக்கொண்டு பக்கத்தில் அமர்ந்தாள். ஒரு திருகாணியை மட்டும் இன்னும் தேடிக்கொண்டிருக்கிறோம்.