அந்த 24 வயதுப் பையனை விட்டுவிடுங்கள்

சென்ற இதழில் வந்த ‘நான் ஏறக் கூடாத விமானம்’ கட்டுரையைப் படித்துவிட்டு மூன்று நண்பர்கள் என்னைக் கூப்பிட்டார்கள். மூவருக்கும் கண் கலங்கிவிட்டதாம். எனக்கு எரிச்சல்தான் வந்தது. வெளியே நின்று கல்லெறிகிறேன் என்று யாரும் நினைக்க வேண்டாம். கட்டுரையாளர் 1995இல் அமெரிக்கா போனவர். நான் 1996இல், மெட்ராஸ் சென்னையான வருடம். இருவருக்கும் எச்-1பி வேலை விசா. இருவரும் போய் இறங்கியது நியூ ஜெர்சி. ஆள் அனுப்பும் கம்பெனி பிடித்துக் கொடுத்த இரண்டு அறை வீட்டில் எட்டுப் பேர், ஒரே ரைஸ் குக்கர், ப்ராஜெக்ட் கிடைக்கும்வரை ‘பெஞ்ச்’. அவர் எழுதியிருக்கும் பனியும் தனிமையும் பொய்யில்லை. பொய் வேறிடத்தில் இருக்கிறது.

அவருடைய வழக்கு இதுதான்: விவரம் தெரியாத 24 வயதில் டாலர் மயக்கத்தில் ஒரு முடிவு எடுத்தேன், அந்த ஒற்றை முடிவு என் தாயை, மொழியை, மண்ணை என்னிடமிருந்து பிடுங்கிக்கொண்டது, ஆகவே தம்பிகளே, தங்கைகளே, போகாதீர்கள்.

விவரம் தெரியாதாமே! ஜெமினி மேம்பாலத்தை ஒட்டிய அமெரிக்கத் துணைத் தூதரக வாசலில், விடிவதற்கு முன்பே போய் வரிசையில் நின்றவர்களில் விவரம் தெரியாதவன் ஒருவனைக் காட்டட்டும். டாலர் அன்று 35 ரூபாய்ப் பக்கம் இருந்தது. அப்பாவின் கூட்டுறவுச் சங்கக் கடன் எத்தனை மாதத்தில் அடையும், தங்கைக்கு எத்தனை பவுன் போடலாம், ஓட்டைப் பிரித்துத் தளம் போட எவ்வளவு ஆகும் என்று நின்ற இடத்திலேயே மனக்கணக்குப் போட்டவர்கள் நாங்கள். எங்களுக்கெல்லாம் 35ஆம் வாய்ப்பாடு மனப்பாடம். கணக்கும் தப்பவில்லை. கடன் அடைந்தது, கல்யாணம் நடந்தது, தளம் போட்டாயிற்று. அந்தப் பையன் தன் வீட்டுக்கு வேண்டிய முடிவைச் சரியாகத்தான் எடுத்தான்.

அது மட்டுமில்லை, அவன் எடுத்தது குடியேறும் முடிவே அல்ல. எச்-1பி மூன்று வருட விசா. இன்னொரு மூன்று வருடம் நீட்டிக்கலாம். அன்று ஆறு முடிந்தால் மூட்டை கட்ட வேண்டியதுதான். ‘ரெண்டே வருஷம்மா, கடனை அடைச்சிட்டு வந்துடறேன்’ என்றுதான் மீனம்பாக்கத்தில் நாங்கள் எல்லாரும் சொன்னோம். சொல்லும்போது நம்பித்தான் சொன்னோம். பிறகு கிரீன் கார்டுக்கு மனுப் போட்டது யார்? அது கைக்கு வந்து ஐந்து வருடம் பொறுத்திருந்து, என்-400 குடியுரிமைப் படிவத்தை நிரப்பி, விரல் ரேகை கொடுத்து, அமெரிக்க வரலாற்றுக் கேள்விகளை உருப்போட்டு, வலது கையைத் தூக்கிப் பிறந்த நாட்டு விசுவாசத்தைத் துறக்கிறேன் என்று உறுதிமொழி எடுத்தது யார்? வருடம் அவர் கட்டுரையிலேயே இருக்கிறது: 2008. அன்று அவருக்கு வயது 37. தூக்கக் கலக்கத்தில் யாரும் என்-400 நிரப்புவதில்லை. இந்தியா இரட்டைக் குடியுரிமை தராது, அதற்குப் பதில் தரும் ஓசிஐ அட்டைக்கு ஓட்டு கிடையாது, அதை வைத்து விளைநிலம் வாங்க முடியாது என்பதெல்லாம் தெரிந்துதான் கழுகு போட்ட பாஸ்போர்ட்டை வாங்கினார். நானும் வாங்கினேன். 37 வயதுக்காரர் செய்ததற்கு 24 வயதுப் பையனைக் கூண்டில் ஏற்றுவது எந்த ஊர் நியாயம்? அவன் எழுந்து வந்து பதில் சொல்லப் போவதில்லை என்ற தைரியம்தானே?

தமிழில் ‘நான்’, ‘நாங்கள்’, ‘நாம்’ என்று மூன்று இருப்பது சில நேரம் ஆளைக் காட்டிக்கொடுத்துவிடும். கட்டுரையை இன்னொரு முறை பென்சிலோடு படித்தேன். மேனேஜர் ஆனது, வீடு வாங்கியது, தமிழ்ச் சங்கத்துக்குத் தலைமை ஏற்றது எல்லாம் ‘நான்’. ஓடிப்போனது, மறந்தது, கைவிட்டது எல்லாம் ‘நாம்’. பெருமையில் பங்கு தராதவர் பாவத்தில் மட்டும் ஊருக்கே இலை போடுகிறார். அவருடைய மனைவி இரண்டு பக்கத்திலும் இல்லை. வங்கி வேலையை விட்டுவிட்டு, சார்ந்தோருக்கான எச்-4 விசாவில் போன பெண் அவர். அந்த விசாவில் போனவர்கள் அங்கே வேலை பார்க்கவே கூடாது. 2015இல்தான் ஒரு பகுதியினருக்காவது அது மாறியது. கிரீன் கார்டு வரும்வரை சம்பளமில்லாமல், கார் ஓட்டத் தெரியாமல், ஜன்னலோரம் கழிந்த அந்த வருடங்களுக்குக் கட்டுரையில் இரண்டே சொல் ஒதுக்கியிருக்கிறார்: ‘மனைவியும் சிரமப்பட்டாள்.’

‘நாமெல்லாம் இருந்திருந்தால் தமிழ்நாடு எங்கேயோ போயிருக்கும்’ என்றொரு வரி. பிழை திருத்தியவர் சிரித்திருப்பார். நாங்கள் அங்கே என்ன செய்தோம்? காப்பீட்டுக் கம்பெனிகளின் பழைய கோபால் கணினிமொழி நிரல்களில் வருடத்தை இரண்டு இலக்கத்திலிருந்து நான்கு இலக்கமாக மாற்றினோம். ஒய்2கே பூதத்துக்குப் பூசாரி வேலை. நாங்கள் இல்லாமலேயே 2000இல் தரமணியில் டைடல் பார்க் திறந்தது, ஓஎம்ஆர் எழும்பியது, ஸ்ரீபெரும்புதூரில் கார் தொழிற்சாலையும் செல்போன் தொழிற்சாலையும் வந்தன. ஊர் எங்களைத் தேடவே இல்லை. கசந்தாலும் உண்மை அதுதான். பிள்ளைகளுக்குத் தமிழ் போன கதைக்கு நான் வரவில்லை. சாப்பாட்டு மேசையில் இவர் எந்த மொழியில் பேசினார் என்று அந்தப் பிள்ளைகளைக் கேட்டால் தெரிந்துவிடும்.

இனி அம்மாவுக்கு வருவோம். மூன்று நண்பர்களும் கண் கலங்கியது இங்கேதான். இரண்டரை வருடம் படுக்கையில் கிடந்த தாய், தொலைபேசியில் மகனின் குரலைக் கேட்டதும் முகம் மலர்ந்தாளாம். கடைசி நேரத்தில் அருகில் இல்லாத கொடுமையை ஒன்றரைப் பக்கம் எழுதியிருக்கிறார். அந்த ஒன்றரைப் பக்கத்தில் ஒரு வரி: ‘உறவினர்கள் பார்த்துக்கொண்டார்கள்.’

எந்த உறவினர்கள், ஐயா? தொலைபேசியில் முகம் மலர்ந்தது தெரியாதே. யாரோ பார்த்துச் சொல்லியிருக்க வேண்டும். யார் அது? கட்டுரையின் வேறொரு மூலையில், விமான நிலையத்துக்குக் கார் எடுத்துக்கொண்டு வந்த தங்கை ஒருத்தி தட்டுப்படுகிறாள். அவள்தான் என்று நினைக்கிறேன். படுக்கைப்புண் வராமல் இரண்டு மணிக்கொரு தரம் திருப்பிப் படுக்க வைப்பது, காற்றுமெத்தைக்கு மின்சாரம் நின்றால் அடித்துப் பிடித்து எழுவது, கஞ்சியை வடிகட்டிக் குழாய் வழியாக விடுவது, மாமியாரிடம் ஜாடை வசவு வாங்குவது எல்லாம் ‘உறவினர்கள்’ என்ற பன்மைக்குள் போய்ச் சுருண்டுகொண்டன. அப்புறம் ஐஸ் பெட்டியில் அம்மாவை வைத்துக்கொண்டு மகனுக்காக இரண்டு நாள் காத்திருந்தார்கள். இரண்டரை வருடம் துடைத்தெடுத்தவள் தெருமுனையோடு நின்றுகொண்டாள்; விமானத்தில் வந்தவர் கொள்ளி வைத்தார். இப்போது கட்டுரையிலும் அவரேதான் கொள்ளி வைக்கிறார்.

அகநானூற்றில் ஒற்றைப்படை எண் கொண்ட பாட்டெல்லாம் பாலை, 400இல் 200. பொருள் தேடிப் பிரிந்து போவது நமக்கு அவ்வளவு பழைய கதை. ஆனால் அந்தப் புலவர்கள் போனவனை மட்டும் பேசவிட்டுப் போய்விடவில்லை. வீட்டில் இருப்பவள் பேசுகிறாள், தோழி பேசுகிறாள், பெற்றவள் புலம்புகிறாள். போனவன் தன் நெஞ்சோடு பேசுவது அதில் ஒரு பங்கு. கட்டுரையாளரின் பாலையில் அவரும் அவர் நெஞ்சும் மட்டும்தான்.

அடுத்தது அறிவுரை. போகாதீர்கள் என்கிறார், மெடிகேரும் சோஷியல் செக்யூரிட்டியும் உறுதியான பிறகு. கூரை ஏறியவர் ஏணியை எட்டி உதைக்கிற வேலை இது. இன்றைய பையனை எச்சரிக்க உண்மையான காரணம் இல்லாமலில்லை, அதில் ஒன்றுகூட அவர் கட்டுரையில் இல்லை. 1996இல் எச்-1பிக்கு வருடத்துக்கு 65,000 இடம், அதுவே நிரம்பவில்லை. இன்று குலுக்கல். 2025 செப்டம்பரில் புதிய மனுக்களுக்கு 1,00,000 டாலர் கட்டணம் என்று அறிவித்தார்கள். வேலைவழி கிரீன் கார்டு வருடத்துக்கு 1,40,000, மனைவி பிள்ளைகளையும் சேர்த்து; அதில் ஒரு நாட்டில் பிறந்தவர்களுக்கு ஏழு சதவீதம் என்ற வரம்பு. இந்தியாவில் பிறந்தவர்கள் லட்சக்கணக்கில் வரிசையில் நிற்கிறார்கள். எனக்கு நாலு வருடத்தில் கிடைத்ததற்கு இப்போது போகிறவன் தன் ஆயுளைக் கணக்கில் எடுத்துக்கொள்ள வேண்டும். கைக்குழந்தையோடு போனால், அதற்கு 21 வயதாகும்போது அப்பாவின் வரிசையிலிருந்து அது கழன்று விழும். ஒரு பையனிடம் இதைச் சொன்னால் அவன் உட்கார்ந்து கணக்குப் போடுவான். ‘மண்வாசனையை இழப்பாய்’ என்றால் கொட்டாவி விடுவான். விடட்டும், அவன் புத்திசாலி.

கட்டுரையின் கடைசிப் பத்தியில், அம்மாவின் பெயரில் இருந்த ஊர் வீட்டைப் புதுப்பித்து அங்கேயே கண்மூடப் போவதாக எழுதுகிறார். முற்றத்தில் துளசி மாடம்கூட வருகிறது. அம்மா வீட்டில் மகனுக்கு எவ்வளவோ அவ்வளவு மகளுக்கும் என்பது 1956ஆம் வருடத்து இந்து வாரிசுரிமைச் சட்டம். அந்த வீடு இவர் ஒருவர் பெயருக்கு எப்படி வந்தது என்று கேட்க எனக்கு உரிமை இல்லை. எங்கள் வீடு என் பெயருக்கு வந்த கதையை மட்டும் சொல்கிறேன்.

அதுவும் அம்மா வீடு. அம்மா போய் மூன்று வருடம் கழித்து, 2009இல், விடுதலைப் பத்திரம் எழுதினோம். அப்பா பக்கவாதத்தில் கிடந்தார். அதற்கு முன் வருடா வருடம் ஓய்வூதிய நேர்காணலுக்கு அவரை ஆட்டோவில் தூக்கி வைத்துக் கருவூலத்துக்குக் கொண்டுபோய் வந்தவள் அக்கா. அந்த வருடம் அதுவும் முடியாத நிலை. அதனால் தனிக்கட்டணம் கட்டிச் சார்பதிவாளரை வீட்டுக்கே வரவழைத்தேன். அப்பா ரேகை வைத்தார். அக்கா கையெழுத்துப் போட்டாள், பணம் எதுவும் வாங்காமல். ‘உனக்கு இல்லாததாடா’ என்றாள். மறுநாள் இரவு எனக்கு விமானம்.

பதிவாளர் கிளம்பியதும், பெருவிரல் மையைப் புடவைத் தலைப்பில் துடைத்துக்கொண்டு, ‘நீ அந்தப் பக்கம் பிடி’ என்றாள். அப்பாவைத் திருப்பிப் படுக்கவைக்கும் நேரம். எங்கே பிடிப்பது என்று எனக்குத் தெரியவில்லை.