யாரும் பார்க்காத இடத்துக்கே முதல் பவுண்டு



பழைய ஸ்போர்ட்ஸ் கார் ஒன்றைக் குறைந்த விலைக்கு வாங்கி, நாமே சரிசெய்து ஓட்ட வேண்டும் என்ற ஆசை நம் சபை வாலிபரிடம் பரவிவருகிறது. ஆராதனை முடிந்து தேநீர் குடிக்கும்போது முன்பெல்லாம் கிரிக்கெட் பேசியவர்கள் இப்போது கார்ப்பரேட்டர் பேசுகிறார்கள். பெரியவர்கள் சிலர் முகம் சுளிக்கிறார்கள். "பழைய இரும்புக்குப் போய் ஏன் காசைக் கொட்டுகிறீர்கள்?" என்பது அவர்கள் கேள்வி. நான் அந்தக் கட்சி இல்லை. என் கணவரும் நானும் வாடகைக்கு எடுத்த ஒரு கராஜில், இரவுப் பணிகளுக்கு இடையே கிடைத்த நாட்களில், 1970களில் செய்யப்பட்ட ஒரு டிரயம்ப் ஸ்பிட்ஃபயரை மூன்று ஆண்டுகளாகப் பிரித்துக் கோத்தவர்கள். ஆகவே ஆசைப்படாதீர்கள் என்று சொல்ல எனக்கு வாய் வராது.

ஆனால் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். கையில் இருக்கும் காசு குறைவு என்றால், அது முதலில் போக வேண்டிய இடம் சேசிஸ். பெயின்டும் சீட்டும் பளபளக்கும் சக்கரமும் பிறகு பார்த்துக்கொள்ளலாம். சேசிஸை முழுமையாகச் சரிசெய்யும் அளவுக்குக் காசு இல்லை என்றால் அந்தக் காரை வாங்கவே வேண்டாம். ஏற்கெனவே வாங்கியிருந்தால், மூடி வைத்துவிட்டு இன்னும் ஓராண்டு சேமியுங்கள்.

ஸ்பிட்ஃபயரையே எடுத்துப் பேசுகிறேன். நம் வாலிபர் வாங்கத் துடிப்பதும் அதைத்தான். 1962 முதல் 1980 வரை இங்கிலாந்தில் செய்யப்பட்ட கார் இது. 3 லட்சத்துக்கும் மேல் செய்யப்பட்டதால் இன்றும் உதிரி பாகங்கள் கிடைக்கின்றன, விலையும் கைக்கு எட்டுகிறது. இதன் அடிச்சட்டம் டிரயம்ப் ஹெரால்டு காரின் சட்டத்திலிருந்து பிறந்தது. ஹெரால்டு என்றதும் ஊரிலிருக்கும் தாத்தாவைத் தொலைபேசியில் கூப்பிட்டுக் கேளுங்கள். சென்னைக்கு அருகே வண்டலூரில் ஸ்டாண்டர்டு மோட்டார் நிறுவனம் 'ஸ்டாண்டர்டு ஹெரால்டு' என்று செய்து விற்ற கார் அதுதான். 1960களில் நம் ஊர் டாக்டர்களும் வக்கீல்களும் ஓட்டிய காரின் தங்கச்சிதான் நீங்கள் இங்கே ஆசைப்படும் ஸ்பிட்ஃபயர். (தாத்தா ஹெரால்டைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் ஒரு மணி நேரம் ஒதுக்கிக்கொள்ளுங்கள்.)

அக்காளுக்கும் தங்கைக்கும் ஒரு முக்கியமான வேறுபாடு உண்டு. ஹெரால்டின் சேசிஸில் நடுவே ஓடும் இரண்டு பெட்டிச் சட்டங்களோடு, வெளி ஓரங்களிலும் சட்டங்கள் உண்டு. ஸ்பிட்ஃபயருக்காகச் சட்டத்தைக் குறுக்கியபோது அந்த ஓரச் சட்டங்களை எடுத்துவிட்டார்கள். அந்தப் பாரத்தைக் கதவுக்குக் கீழே நீளமாக ஓடும் தகட்டுப் பெட்டிகள் ஏற்றுக்கொண்டன. இங்கே அவற்றை 'சில்' என்பார்கள். பின்சக்கரத்தை முன்னும் பின்னும் நகராமல் பிடித்திருக்கும் கைகூட, சேசிஸில் இல்லாமல் உடலின் தகட்டில்தான் மாட்டியிருக்கிறது. ஆகவே இந்தக் காரில் 'அடிச்சட்டம் நன்றாக இருக்கிறது, உடல்தான் கொஞ்சம் துரு' என்று ஒருவர் சொன்னால் அது பாதி உண்மைதான். இரண்டும் சேர்ந்துதான் முதுகெலும்பு.

வாங்கப் போகும்போது பானெட்டைத் தூக்கி எஞ்சினைப் பார்ப்பதற்கு முன் கதவைப் பாருங்கள். கதவின் மேல்பக்க இடைவெளி கீழ்ப்பக்கத்தைவிடக் குறுகியிருக்கிறதா? கதவைத் தூக்கி மூட வேண்டியிருக்கிறதா? அப்படியானால் கார் நடுவில் தொய்ந்திருக்க வாய்ப்புண்டு. கூரை இல்லாத கார் அல்லவா, தாங்க மேலே ஒன்றும் இல்லை.

துரு இங்கே எப்படி வருகிறது என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். குளிர்காலத்தில் சாலையில் தூவும் உப்பு ஈரத்தோடு பெட்டிச் சட்டத்துக்குள் போய்த் தங்கிவிடும். சட்டம் உள்ளிருந்து அரிக்கும். வெளியே கறுப்பு பெயின்ட் ஒழுங்காக இருக்கும். சுத்தியலால் மெல்லத் தட்டினால் கணீரென்று கேட்க வேண்டிய இடத்தில் மொத்தென்று கேட்கும். வேடிக்கை என்னவென்றால், இந்தக் கார்களில் எஞ்சின் எண்ணெய் ஒழுகுகிற முன்பகுதிதான் பெரும்பாலும் நன்றாக இருக்கிறது. ஒழுகல் ஊர்ப் பழிப்புக்கு ஆளானாலும் சட்டத்துக்கு மருந்தாகிவிட்டது!

எங்கள் காருக்கு முந்தைய உரிமையாளர் ஒருவர் 'வேலை' செய்திருந்தார். அடியில் தடிப்பாகப் பூசிய தார்ப் பூச்சைச் சுரண்டினோம். ஒரு ஒட்டுத் தகடு தெரிந்தது. அதன் அடியில் இன்னொன்று. அதற்கும் அடியில் மூன்றாவது. மூன்றுக்கும் கீழே இருந்த பழைய சட்டம் விரலால் அழுத்தினால் உதிர்ந்தது. துருவின் மேல் தகடு, தகட்டின் மேல் பட்டி, பட்டியின் மேல் பெயின்ட். அதைப் பார்த்து என் கணவர் கோபப்பட்டார். எனக்கோ வார்டில் தினமும் பார்க்கிற ஒரு காட்சி நினைவுக்கு வந்தது.

சர்க்கரை நோயாளியின் காலில் ஆறாத புண் இருந்தால், நாங்கள் எடுத்தவுடன் கட்டுப் போடுவதில்லை. செத்த திசுவை முதலில் அகற்ற வேண்டும். உயிருள்ள தசை தெரியும் வரை போக வேண்டும். அதைச் செய்யாமல் மேலே எவ்வளவு வெள்ளையாகக் கட்டுப் போட்டாலும் உள்ளே அழுகல் நடந்துகொண்டேயிருக்கும். கட்டு அதை மறைக்க மட்டுமே உதவும். சேசிஸிலும் அதேதான். துருப்பிடித்த தகட்டை நல்ல இரும்பு வரும் வரை வெட்டி எடுத்துவிட்டு, பழைய தகட்டின் தடிப்பை அளந்து அதே தடிப்பில் புதுத் தகடு வைத்துச் சுற்றிலும் பற்றவைக்க வேண்டும். வெட்ட வெட்ட ஓட்டை பெரிதாவதைப் பார்த்து மனம் தளரும். புண்ணைச் சுத்தம் செய்யும்போது நோயாளியின் வீட்டாரும் அப்படித்தான் பதறுவார்கள்.

வெட்டுவதற்கு முன் அளக்க வேண்டும். மோதிய காராக இருந்தால் இதைத் தவிர்க்கவே முடியாது. இதற்குப் பெரிய இயந்திரம் தேவை என்று நினைத்துப் பலர் விட்டுவிடுகிறார்கள். முதல் கணிப்புக்குக் கொத்தனாரின் தூக்குக்குண்டும், சாக்குக் கட்டியும், ஒரு நீள டேப்பும் போதும். சமமான சிமென்ட் தரையில் சேசிஸை நான்கு ஸ்டாண்டுகளில் மட்டமாக நிறுத்துங்கள். இடமும் வலமும் ஒத்திருக்க வேண்டிய ஒவ்வொரு ஜோடித் துளையிலிருந்தும் தூக்குக்குண்டை இறக்கித் தரையில் புள்ளி வையுங்கள். பிறகு காரை நகர்த்திவிட்டுப் புள்ளிகளைக் குறுக்காக இணையுங்கள். ஒவ்வொரு கட்டத்திலும் இரண்டு குறுக்குக் கோடுகளும் ஒரே நீளம் இருக்க வேண்டும். அவை வெட்டிக்கொள்ளும் இடங்கள் எல்லாம் நடுவே ஒரே நேர்கோட்டில் விழ வேண்டும். விழவில்லை என்றால் எங்கே வளைந்திருக்கிறது என்று தரையே காட்டிவிடும். தயாரிப்பாளரின் வொர்க்ஷாப் கையேட்டில் சேசிஸின் அளவுப் படம் இருக்கிறது, அதோடு ஒப்பிடுங்கள். முன்பக்கம் சக்கரங்களைத் தாங்கும் கோபுரங்கள் நகர்ந்திருந்தால், அதை நீங்களே சங்கிலி கட்டி இழுத்து நிமிர்த்த நினைக்காதீர்கள். அது சட்டம் நிமிர்த்தும் பட்டறைக்கான வேலை. அந்தச் செலவைத் தாங்க முடியாவிட்டால் வளையாத பழைய சேசிஸ் ஒன்றைத் தேடுவது மலிவாக முடியலாம். அதை வாங்குவதற்கு முன்பும் இதே தூக்குக்குண்டுச் சோதனைதான்.

இன்னொன்று: சில்லை வெட்டும் முன் கதவு இடைவெளியின் குறுக்கே இரும்புக் கம்பிகளைத் தற்காலிகமாகப் பற்றவைத்து உடலைப் பிடித்து நிறுத்துங்கள். ஒரு பக்கத்தை முடித்த பிறகே மறுபக்கம். முறிந்த காலை அசையாமல் கட்டாமல் நோயாளியைப் புரட்டுவோமா? கட்டாமல் வெட்டிய கார் அதே தொய்வோடு ஒட்டிக்கொள்ளும். பிறகு எந்தக் கதவும் மூடாது.

வெல்டிங்கை யார் செய்வது? இங்கேதான் நம் பிள்ளைகளோடு எனக்கு வாக்குவாதம். இணையத்தில் பத்து வீடியோ பார்த்துவிட்டு, மலிவான மிக் வெல்டர் ஒன்றை வாங்கி, நேராகச் சேசிஸில் ஆரம்பிக்கிறார்கள். கற்றுக்கொள்வது நல்லதுதான். பல கல்லூரிகளில் மாலை வகுப்பு நடக்கிறது. ஆனால் பழகும் தகடு உங்கள் உயிர் தொங்குகிற தகடாக இருக்க வேண்டாம். மேலே அழகாகத் தெரிகிற பற்று, உள்ளே இரும்போடு கலக்காமல் வெறுமனே உட்கார்ந்திருக்கலாம். பார்த்தால் தெரியாது. பிரிப்பது, சுரண்டுவது, தேய்ப்பது, அளப்பது, தகடு வெட்டித் தயாராக வைப்பது, பிறகு பெயின்ட் அடிப்பது எல்லாம் நாங்களே செய்தோம். பற்றவைக்க மட்டும் அனுபவமுள்ள ஒருவரை நாள் கூலிக்கு அழைத்தோம். வேலை முழுவதும் தயாராக இருந்ததால் அவர் வந்த நாட்கள் குறைவு. எங்கள் காசு மிஞ்சியது அப்படித்தான்.

"சட்டப்படி அவசியமில்லையே அக்கா" என்று ஒரு தம்பி சொன்னான். அவன் சொன்னது சரி. 40 ஆண்டுக்கு மேற்பட்ட, பெரிய மாற்றம் செய்யப்படாத கார்களுக்கு 2018 மே மாதத்திலிருந்து எம்ஓடி சோதனை கட்டாயமில்லை. ஸ்பிட்ஃபயர்கள் எல்லாமே இப்போது அந்த வயதைத் தாண்டிவிட்டன. எனக்குக் கவலை தருவதே அதுதான். வேறு எவரும் அடியில் குனிந்து பார்க்கப்போவதில்லை. ஆனால் ஆபத்தான நிலையில் காரை ஓட்டினால் 2,500 பவுண்டு வரை அபராதமும் லைசென்ஸில் 3 புள்ளிகளும் இன்னும் உண்டு. விருப்பப்பட்டுச் சோதனைக்குக் கொண்டுபோகத் தடையும் இல்லை. கொண்டுபோங்கள். சீட் பெல்ட், சஸ்பென்ஷன், ஸ்டீயரிங் பிணைந்திருக்கும் இடங்களிலிருந்து 30 சென்டிமீட்டருக்குள் துரு பலத்தைக் குறைத்திருக்கிறதா என்று சோதிப்பவர் பார்ப்பார். ஒட்டுத் தகடு அங்கங்கே புள்ளி வைத்தது போல் பிடித்திருந்தால் ஏற்க மாட்டார். அந்தக் கட்டணத்துக்கு அனுபவமுள்ள ஒரு ஜோடிக் கண்கள் கிடைப்பது மலிவு.

கண் என்றதும் நர்ஸாக ஒரு வார்த்தை. ஆங்கிள் கிரைண்டரை (மாவரைக்கும் கிரைண்டர் அல்ல) கண்ணாடி போடாமல் இயக்கி, இரும்புத் துகள் பாய்ந்து அவசரப் பிரிவுக்கு வருபவர்களைப் பார்த்திருக்கிறேன். கருவிழியில் பதிந்த இரும்பைச் சில மணி நேரம் அப்படியே விட்டாலே சுற்றிலும் துருவளையம் பிடித்துவிடும். ஆம், கண்ணிலும் துருப்பிடிக்கும். துகளை எடுத்த பிறகு அந்த வளையத்தையும் சுரண்டி எடுக்க வேண்டும். வெல்டிங் வெளிச்சத்தை வெறும் கண்ணால் பார்த்தால் அந்நேரம் ஒன்றும் தெரியாது. நள்ளிரவில் கண்ணில் மணல் கொட்டியது போல் எரிந்து எழுப்பும். துத்தநாகம் பூசிய தகட்டையும் போல்ட்டையும் பூச்சை நீக்காமல் பற்றவைத்தால், அந்தப் புகையால் சில மணி நேரத்தில் குளிர்காய்ச்சல் வரும். குளோரின் கலந்த பிரேக் கிளீனரால் துடைத்த இடத்தில் பற்றவைக்கவே கூடாது. அதிலிருந்து பாஸ்ஜீன் என்ற நச்சு வாயு உண்டாகும். பெட்ரோல் டேங்கைக் கழற்றிக் கராஜுக்கு வெளியே வைத்த பிறகே தீப்பொறி. ஜாக்கியை மட்டும் நம்பிக் காருக்கு அடியில் போகிற பிள்ளையை யாராவது கண்டால், காலைப் பிடித்து இழுத்துவிடுங்கள். நான் சொன்னதாகச் சொல்லுங்கள்.

பெரியவர்களுக்கும் ஒன்று. பிள்ளைகள் காசை வீணாக்குகிறார்கள் என்று சொல்லும்போது, அவர்கள் எங்கே செலவழிக்கிறார்கள் என்றும் கேளுங்கள். 19 வயதுப் பிள்ளை தன் பகுதிநேர வேலைக் கூலியில் யாருக்கும் தெரியாத ஒரு பெட்டிச் சட்டத்துக்குக் காசு கட்டுகிறான் என்றால், அவனிடம் பொறுப்பு இருக்கிறது. அதே காசில் முதலில் பெயின்ட் அடித்து அனைவருக்கும் காட்டுகிறான் என்றால், அப்போது கண்டியுங்கள். 'பெயின்ட் அடித்தால்தான் உற்சாகம் வரும், வேலை தொடரும்' என்று அவன் சொல்வான். அதில் கொஞ்சம் நியாயம் இருக்கிறது. மாதக்கணக்கில் துருவையே பார்த்துக்கொண்டிருப்பது சலிப்புத்தான். அதற்கு ஒரு வழி: டேஷ்போர்டின் மரப்பலகையை வீட்டுக்குள் கொண்டுவந்து தேய்த்து மெருகேற்றச் சொல்லுங்கள். செலவு கொஞ்சம், பளபளப்பும் கிடைக்கும்.

எங்கள் காரின் சீட் இன்னும் கிழிந்துதான் இருக்கிறது. மழை பெய்தால் துணிக்கூரையின் இடது மூலை சொட்டும். அவை அடுத்த ஆண்டுக் கணக்கு. பற்றவைத்து முடித்துப் பெயின்ட் காய்ந்த பிறகு மறக்கக்கூடாத கடைசி வேலை, பெட்டிச் சட்டங்களுக்குள் மெழுகு பீய்ச்சுவது. வெயிலுள்ள நாளாகப் பார்த்து, மெழுகு டப்பாவை வெந்நீரில் வைத்து இளக்கிக்கொண்டு செய்யுங்கள், நன்றாகப் பரவும். முடிந்ததும் அடியிலுள்ள வடிகால் துளைகள் ஒவ்வொன்றிலும் கம்பி விட்டுத் திறந்து வையுங்கள். அவை அடைபட்டால் தண்ணீர் மறுபடியும் உள்ளேயே நிற்கும்.