மின்கிற்றாரும் இரவல் மண்டபமும்

மட்டக்களப்புக்குக் கிற்றார் புதியதன்று. போர்த்துக்கேயர் 1628இல் கோட்டை கட்டிய இவ்வாவிக் கரையில், அவர் வழிவந்த பறங்கியர் வயலினும் கிற்றாரும் கொண்டு கபறிஞ்ஞா இசைத்து வந்துள்ளனர். அதன் துள்ளல் தாளம் பைலாவிலும், 1970களில் செழித்த ஈழத்துப் பொப்பிசையிலும் ஊறி நிற்கின்றது. ஆதலின், மின்கிற்றார் அந்நியம் என்று முகஞ்சுளிக்கும் பண்பாட்டுக் காவலருக்கு இங்கு விடை கூறவேண்டியதில்லை. கண்டிக்கப்பட வேண்டியது வேறொன்று. அக்கிற்றாரைக் கையிலெடுக்கும் இளைஞர் அதன்மீது அளவின்றிக் கொட்டும் செயற்கை முழக்கமே அது.

வாத்தியக்காரர் ‘றிவேர்ப்’ என வழங்கும் இம்முழக்கம் ஏன் வேண்டப்படுகின்றது என்பது விளங்காததன்று. கல்லடிக் கடற்கரையில் மேடையமைத்தால், எழுந்த ஒலி திரும்பி வரச் சுவர் இல்லை. தந்தியின் ஓசை வறண்டு கேட்கும். அதற்குச் சிறிது ஈரம் வேண்டுமென்பது நியாயமே. ஆயின் வாங்கப்படுவது யாது? ‘தேவாலயம்’, ‘குகை’, ‘பெருமண்டபம்’ என்று பெயரிட்ட இலக்கமுறைப் பெட்டி! திறந்த வானத்தின்கீழ் நின்று இரவல் மண்டபத்துள் வாசிப்பதாகப் பாவனை செய்தல் கலையாகுமா? மண்டபம் பெரிதாகப் பெரிதாக வாசிப்பின் பிழைகளும் மறைகின்றன. இவ்வழக்கம் பரவியதற்கு இதுவே உண்மையான காரணம் என ஐயுற இடமுண்டு.

சுருள்வில் முழக்கப்பெட்டி இவ்வாறு நடிப்பதில்லை. தொலைபேசித் தொடர்பில் நீண்ட தூரத்தால் ஏற்படும் தாமதத்தை ஆராய்தற்கு அமெரிக்காவின் பெல் ஆய்வுகூடம் கண்ட உத்தியை, 1930களில் லோறன்ஸ் ஹமண்ட் தமது மின் ஓர்கனுக்கு ஏற்றார். 1961இல் பெண்டர் நிறுவனம் அதனைக் கிற்றாருக்கெனத் தனிப்பெட்டியாக வெளியிட்டது. மின்னலை சுருள்வில்லின் ஒரு முனையிலுள்ள சிறு காந்தத்தை முறுக்குகின்றது; அவ்வதிர்வு கம்பி வழியே சென்று, முனைகளில் மோதி மீண்டு மீண்டு வருகின்றது; மறுமுனையில் அது மின்னலையாகத் திரும்பப் பெறப்படுகின்றது. வாவியின் பாடுமீன் ஓசையைத் துடுப்பின் ஒரு முனையை நீரில் விட்டு, மறுமுனையைக் காதில் வைத்துக் கேட்கும் மீனவருக்கு இதில் புதுமை ஏதுமில்லை. 1848இல் இங்கு வந்த எமேர்சன் தெனன்ற் என்பாரும் படகின் பலகையிற் காது வைத்தபோது அவ்வோசை பெருகியதைக் குறித்துள்ளார். ஒலி திண்மப் பொருளினூடே வரும்போது அப்பொருளின் குணத்தையும் ஏற்றுவரும். சுருள்வில்லின் குணம் ஒருவகைத் தெறிப்பு. அமெரிக்க வாத்தியக்காரர் அதனைச் ‘சொட்டு’ என்பர். கேட்பவர் எவரும் அதனைத் தேவாலயம் என மயங்கார்.

எனினும் சுருள்வில் என்ற பெயருக்காக எதனையும் வாங்கிவிடுதல் பேதைமை. இப்பெட்டிகளுள் முழக்கம் ஏறத்தாழ இரண்டு வினாடிக்குள் அடங்குவனவும் உண்டு. நான்கு வினாடிவரை நீள்வனவும் உண்டு. பைலாவின் ஆறெட்டுத் தாளத்தில் வினாடிக்கு இரு கொட்டுக்கள் விழுமாயின், கொட்டொன்றுக்கு மூன்றாக ஆறு மீட்டுக்கள் நிகழும். நான்கு வினாடி முழக்கம், தேய்ந்துகொண்டே எனினும், இருபத்துநான்கு மீட்டுக்களின்மேற் படிகின்றது. தாளத்தின் கூர்மை அங்கே மழுங்குகின்றது. பாடுபவரின் சொல்லும் அமிழ்கின்றது. பொப்பிசையின் உயிர் நையாண்டிச் சொல்லில் இருப்பதை அறிந்தோர் இதனைச் சிறு குறையெனக் கொள்ளார். மெதுவான தனி வாசிப்புக்கு நீண்ட முழக்கம் பொருந்தலாம். ஆடவைக்கும் இசைக்கு அடக்கம் குறுகியதே வேண்டும். முழக்கத்தின் கலப்பை மட்டுமன்றி, வில்லுக்குட் செலுத்தும் வலுவையும் தனித்திருகியால் ஆளவிடும் பெட்டியே விரும்பத்தக்கது.

பாரம், விலை, பழுது என்பன எதிர்வாதங்கள். அவை பொய்யல்ல. வாவிக் காற்றின் உப்பும் ஈரமும் கம்பியையும் இணைப்புக்களையும் அரிக்கும். ஆடுவோர் காலடியில் பலகை அதிர்ந்தால் வில் இடிபோற் குமுறும். தடித்த நுரைமெத்தைமீது வைப்பின் பெரிதும் அடங்கும். அமெரிக்காவின் 120 வோல்ற்றுக்கு அமைந்த பெட்டியை 230 வோல்ற்று மின்னில் நேரே பொருத்துவோர், வாங்கிய அன்றே அதனை இழப்பர். இவை பராமரிப்பின் தொல்லைகள். பராமரிக்க இயலாதவர் வறண்ட கிற்றாரையே வாசிக்கட்டும், அதில் இழுக்கில்லை. இலக்கமுறைப் பெட்டியொன்றே கைவசமுள்ளவரும் அதிலுள்ள ‘சுருள்வில்’ போலியைக் குறைந்த அளவில் வைத்துக்கொள்ளலாம். குகையை விடப் போலி மேல்.

கடையிற் சோதிக்கும் முறையே பெரும்பாலும் பிழையாகின்றது. தனியே நின்று ஒரு சுருதிக்கூட்டை மீட்டி, அது மெல்லத் தேய்வதைக் கேட்டால் எந்தப் பெட்டியும் மயக்கும். வாங்கச் செல்பவர் றபான் கொட்டும் தோழர் ஒருவரையும், உரத்துப் பாடும் ஒருவரையும் உடனழைத்துச் செல்வாராக. பாட்டின் சொற்களைக் கடைவாசலில் நிற்பவர் திருப்பிச் சொல்ல முடிகின்ற பெட்டிக்குப் பணம் கொடுக்கலாம்.